சேர்ந்து எண்ணியதில் பிறந்த சிகிச்சை

1877 ஜூன் மாதம். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து மருத்துவமனையில் தாமஸ் ஜெசப் என்ற அறுவை மருத்துவர், இரண்டு வயதுக் குழந்தை ஒன்றின் சிறுநீரகத்தைக் கட்டியோடு சேர்த்து வெட்டி எடுத்தார். குழந்தைக்குச் சிறுநீரில் ரத்தம் போய்க்கொண்டிருந்தது. கிருமிகளைப் பற்றி ஜோசப் லிஸ்டர் என்ற அறுவை மருத்துவர் சொன்னதை மருத்துவர்கள் பலர் இன்னும் நம்பாத காலம் அது. ரத்த வகைகள் கண்டுபிடிக்கப்படவில்லை. எக்ஸ்ரே வர இன்னும் 18 ஆண்டுகள் இருந்தன. இத்தனை இல்லாமைகளுக்கு நடுவிலும் குழந்தை ஆபரேஷனைத் தாண்டி எழுந்தது. ஆனால் ஓராண்டு முடியும் முன்பே இறந்துபோனது.

அடுத்த ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு இந்த நோயின் கதை ஏறக்குறைய இதுதான். கட்டியை எடுப்பார்கள், குழந்தை வீட்டுக்குப் போகும், சில மாதங்களில் நுரையீரலில் புள்ளிகளோடு திரும்பி வரும். பத்துக் குழந்தைகளில் ஒன்று பிழைத்தால் அதிசயம். இன்று வசதியுள்ள நாடுகளில் பத்தில் ஒன்பது பிழைக்கின்றன.

குழந்தைகளின் புற்றுநோயில் மருத்துவம் கண்ட பெரிய வெற்றி எது என்று கேட்டால் பலரும் ரத்தப் புற்றுநோயைத்தான் சொல்வார்கள். நான் இந்தச் சிறுநீரகக் கட்டியைச் சொல்வேன். வில்ம்ஸ் கட்டி என்று இதற்குப் பெயர். அரிதாக வரும் ஒரு நோயை எப்படி வைத்தியம் பார்ப்பது என்பதை மருத்துவ உலகம் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டது இந்தக் கட்டியிடம்தான்.

கருவில் சிறுநீரகம் உருவாகும்போது முதிராத செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக வடிகட்டிகளாகவும் நுண்குழாய்களாகவும் மாறுகின்றன. குழந்தை பிறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பே அந்த வேலை முடிந்துவிட வேண்டும். சில குழந்தைகளுக்கு அது முழுதாக முடிவதில்லை. மிச்சம் நின்ற முதிராத செல்கள் சில சமயம் பிறந்த பிறகும் சும்மா இருப்பதில்லை; பெருகிப் பெருகி, பெரும்பாலும் மூன்று நான்கு வயதில் வயிற்றில் பெரிய கட்டியாகத் தலைகாட்டுகின்றன. சுமார் பத்தாயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு வரும். சில குழந்தைகளுக்கு இரண்டு சிறுநீரகங்களிலும் வரும்.

மாக்ஸ் வில்ம்ஸ் இதை முதலில் பார்த்தவர் இல்லை. ஆனால் ஒழுங்காகப் பார்த்தவர். ஜெர்மானியர், நோய்க்குறியியல் படித்துவிட்டு அறுவை சிகிச்சைக்கு வந்தவர். இந்தக் கட்டிக்குள் தசை, சுரப்பி, சில சமயம் குருத்தெலும்பு என்று சம்பந்தமில்லாத திசுக்கள் கலந்து கிடப்பது ஏன் என்று மற்றவர்கள் குழம்பிக்கொண்டிருக்க, இவையெல்லாம் கருவின் ஒரே மூலத் திசுவிலிருந்து வந்தவை என்று 1899இல் ஒரு நூலே எழுதினார். பெயர் நிலைத்துவிட்டது. 1918இல், ஹைடல்பர்க்கில், தொண்டை அடைப்பான் நோயால் மூச்சுத் திணறிய பிரெஞ்சுப் போர்க்கைதி ஒருவருக்கு அவர் கழுத்தில் ஆபரேஷன் செய்தார். அந்த நோய் அவருக்கே தொற்றியது. கைதி பிழைத்தார், மருத்துவர் இறந்தார். அப்போது வில்ம்ஸுக்கு ஐம்பது வயது.

வில்ம்ஸ் சொன்னது நோயின் பிறப்பு. சிகிச்சையின் பிறப்புக்கு அட்லாண்டிக்கைக் கடந்து பாஸ்டனுக்குப் போக வேண்டும்.

1917 டிசம்பர் 6ஆம் தேதி கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றி வந்த கப்பல் வெடித்து ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் இறந்தார்கள். உதவிக்குப் போன பாஸ்டன் மருத்துவர்களில் ஒருவர் வில்லியம் லாட். அங்கே காயம்பட்ட குழந்தைகளைப் பார்த்த பிறகுதான் இனி குழந்தைகளுக்கு மட்டுமே ஆபரேஷன் செய்வது என்று முடிவெடுத்தார் என்பது அறுவை மருத்துவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் கதை. கேட்க நன்றாக இருக்கிறது. கொஞ்சம் மெருகு ஏறிய கதை என்றுதான் எனக்குப் படுகிறது. அவர் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். எப்படியானாலும், 1927இல் அங்கே தலைமை அறுவை மருத்துவரானதும், பெரியவர்களுக்கான ஆபரேஷனைச் சின்ன அளவில் செய்தால் அது குழந்தைக்கான ஆபரேஷன் ஆகிவிடாது என்பதை அவர் தன் வேலையால் நிரூபித்தார்.

வில்ம்ஸ் கட்டியின் மேலுறை மெல்லியது. உள்ளே இருப்பது கொழகொழப்பானது. நன்றாகப் பழுத்த தக்காளியை எப்படிக் கையில் எடுப்போமோ அப்படித்தான் எடுக்க வேண்டும். உறை கிழிந்தால் புற்றுச் செல்கள் வயிறெங்கும் சிந்தும். அதுவரை பலர் இடுப்புப் பக்கமாகக் கீறி, குறுகிய வழியாகக் கட்டியைப் பிடித்து இழுத்துத்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். லாட் வயிற்றின் முன்பக்கம் அகலமாகத் திறந்தார். திறந்ததும் கட்டியில் கை வைக்காமல், முதலில் சிறுநீரகத்துக்குப் போய்வரும் ரத்தக் குழாய்களைத் தேடிக் கட்டினார். கட்டியை அசைத்தால் அதிலிருந்து செல்கள் சிரை வழியாக நுரையீரலுக்குப் போய்விடும் என்ற அச்சமே காரணம். குழாய்கள் கட்டப்பட்ட பிறகுதான் கட்டியைச் சுற்றியுள்ள திசுக்களை விலக்கி, உறை உடையாமல் முழுதாக வெளியே எடுப்பது.

ஆபரேஷன் அறைக்கு வெளியிலும் அவர் ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தார். சந்தேகமான குழந்தை வந்தால் ஆளாளுக்கு வயிற்றை அமுக்கிப் பார்க்கக் கூடாது. மருத்துவக் கல்லூரி உள்ள இடத்தில் இது லேசான காரியமில்லை. அபூர்வமான கட்டி வந்திருக்கிறது என்றால் மாணவர்கள் வரிசையில் நின்று தொட்டுப் பார்ப்பார்கள். குழந்தையின் கட்டிலில் 'வயிற்றை அழுத்தாதீர்கள்' என்று அட்டை தொங்கவிடும் பழக்கம் உலகம் முழுக்கப் பரவியது. இன்றும் குழந்தைகள் அறுவை வார்டுகளில் அதைப் பார்க்கலாம்.

பத்துக்கு ஒன்று பிழைத்த இடத்தில், 1941 வாக்கில் லாடின் குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கு பிழைத்தது. புதிதாக மருந்து ஒன்றும் வந்துவிடவில்லை. தொடும் முறை மாறியது, அவ்வளவுதான். லாடிடம் பயின்ற ராபர்ட் கிராஸ், ஆபரேஷனுக்குப் பிறகு கட்டி இருந்த இடத்துக்குக் கதிர்வீச்சையும் சேர்த்தார். நம்மூர் ஆஸ்பத்திரிகளில் 'கரண்ட் வைப்பது' என்பார்களே, அதுதான். 1950இல் கணக்குப் பார்த்தபோது ஏறக்குறைய பாதிக் குழந்தைகள் பிழைத்திருந்தன.

மீதிப் பாதிக்குக் கத்தியும் கதிரும் போதவில்லை. செல்கள் ஏற்கனவே நுரையீரலுக்குப் போய்விட்டிருந்தன.

அதே மருத்துவமனையின் அடித்தளத்தில் இறந்த குழந்தைகளின் உடல்களை ஆராய்ந்துகொண்டிருந்தவர் சிட்னி ஃபார்பர். உயிரோடு இருக்கும் நோயாளியைப் பார்ப்பது நோய்க்குறியியல் மருத்துவரின் வேலையில்லை. ஆனால் 1947இல் அவர் மாடிக்கு ஏறி வந்து, ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு மருந்து கொடுக்க ஆரம்பித்தார். ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் அமினோப்டெரின் அந்த மருந்து. அதை அவருக்குத் தந்தது லெடர்லே நிறுவனத்தில் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கிய எல்லப்பிரகட சுப்பாராவின் குழு.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போக வேண்டும். சுப்பாராவ் பீமவரத்தில் பிறந்த தெலுங்கர். ஆனால் ஆளானது சென்னையில். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, மாநிலக் கல்லூரி, பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தியின் சொல்லைக் கேட்டு ஆபரேஷன் அறைக்கும் கதர் உடுத்திப் போனதில் வெள்ளைக்காரப் பேராசிரியருக்குக் கோபம். முழுப் பட்டம் கிடைக்காமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார். 1922இல் அமெரிக்கா போனவர் திரும்பவே இல்லை. 1948 ஜூனில் ஃபார்பர் தன் முடிவுகளை வெளியிட்டார்: மருந்து கொடுத்த 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியிருந்தது. இரண்டே மாதத்தில் சுப்பாராவ் 53 வயதில் காலமானார். சென்னையில் எத்தனை தெருக்களுக்கு யார் யார் பெயரோ இருக்கிறது.

நோய் திரும்பி வந்தது, அந்தக் குழந்தைகள் இறந்தார்கள். சக மருத்துவர்கள் பலர் ஃபார்பர் மீது எரிச்சல்பட்டார்கள். சாகப்போகும் குழந்தைகளை நிம்மதியாக விடக் கூடாதா என்றார்கள். அவர் விடவில்லை. 1948 மே மாதம் 'ஜிம்மி' என்று பெயர் மாற்றப்பட்ட ஒரு சிறுவன், மருத்துவமனைக் கட்டிலில் இருந்தபடி வானொலியில் தன் அபிமான பேஸ்பால் வீரர்களோடு பேசினான். கேட்டவர்கள் அனுப்பிய பணம் இரண்டு லட்சம் டாலரைத் தாண்டியது. அதில் தொடங்கிய நிதியால் 1952இல் ஒரு கட்டடம் எழுந்தது. அறுவை மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர், மருந்து கொடுப்பவர், செவிலியர், உணவு ஆலோசகர், குடும்பத்தின் கஷ்டத்தைக் கேட்கும் சமூகப் பணியாளர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் ஒரே குழந்தையைப் பற்றிப் பேச வேண்டும் என்பது ஃபார்பரின் பிடிவாதம். இன்று பெரிய மருத்துவமனைகளில் வாரம் ஒருமுறை 'ட்யூமர் போர்டு' கூடுகிறதே, குழந்தைகள் விஷயத்தில் அதன் வேரில் ஒன்று இங்கே இருக்கிறது.

வில்ம்ஸ் கட்டிக்கான முதல் மருந்து மண்ணிலிருந்து வந்தது. செல்மன் வாக்ஸ்மன் 1940இல் மண்ணில் வாழும் நுண்ணுயிரி ஒன்றிலிருந்து ஆக்டினோமைசினைப் பிரித்தார். கிருமியைக் கொன்றது, எலியையும் சேர்த்துக் கொன்றது. கிருமிக்கொல்லியாகப் பயன்படாது என்று ஓரம் வைத்துவிட்டு அவர் வேறு மண்ணைத் தேடிப் போய், காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசினை எடுத்து நோபல் பரிசும் வாங்கினார். ஓரம் வைத்ததை 1950களில் ஃபார்பர் கையில் எடுத்தார். ஆக்டினோமைசின் டி ஊசி போட்ட வில்ம்ஸ் குழந்தைகள் சிலரின் நுரையீரல் எக்ஸ்ரேயில் இருந்த வெள்ளைப் புள்ளிகள் மறைந்தன. மார்புக்குள் பரவிவிட்ட புற்று மருந்தால் மறைவது அன்று அபூர்வம்.

ஃபார்பரோடு வேலை பார்த்த கதிர்வீச்சு மருத்துவர் ஜூலியோ டாஞ்சியோ. அவர் கண்ணில் விசித்திரமான ஒன்று பட்டது. முன்பு கதிர்வீச்சு பெற்று, தோல் ஆறிப்போன குழந்தைக்குப் பிறகு ஆக்டினோமைசின் போட்டால், கதிர் பட்ட அதே சதுரத்தில், அதே ஓரங்களோடு, தோல் மறுபடி சிவந்தது. உடம்பு பழைய கதிரை நினைவில் வைத்திருந்து மருந்து வந்ததும் காட்டிக்கொடுத்தது. அந்தச் சிவந்த சதுரத்திலிருந்து டாஞ்சியோவும் ஃபார்பரும் இரண்டு விஷயங்களைப் படித்தார்கள். ஒன்று, மருந்து கதிரின் பலத்தைக் கூட்டுகிறது. ஆகவே கதிரின் அளவைக் குறைக்கலாம். இன்னொன்று, இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துக் கொடுத்தால் கட்டியோடு குழந்தையும் வேகும். அவர்கள் 1959இல் இதை எழுதினார்கள்.

இரண்டாவது மருந்தைத் தமிழ்நாட்டுக்காரருக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. வேலியோரத்திலும் மயானத்திலும் தண்ணீர் ஊற்றாமலே பூக்கும் நித்தியகல்யாணிதான். கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்ல்ஸ் பீரும் சர்க்கரை நோய்க்கு உதவுமா என்று அதன் சாற்றை எலிகளுக்குக் கொடுத்தபோது சர்க்கரை குறையவில்லை, வெள்ளையணுக்கள் சரிந்தன. அந்த வழியில் போய் வின்பிளாஸ்டினும், எலி லில்லி நிறுவனத்தின் ஆய்வில் வின்கிறிஸ்டினும் கிடைத்தன. டன் கணக்கில் இலை காய வைத்தால் சில கிராம் மருந்து கிடைக்கும். திருநெல்வேலி, தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்து மானாவாரி நிலங்களில் இதைப் பயிரிட்டு இலையையும் வேரையும் வெளிநாட்டுக்கு அனுப்பிய விவசாயிகள் உண்டு. 1963இல் வின்கிறிஸ்டின் விற்பனைக்கு வந்தது. டெக்சாஸில் வட்டாரு சூட்டோ அது வில்ம்ஸ் கட்டியைக் கரைப்பதைக் காட்டினார்.

1966இல் ஃபார்பர் தன் கணக்கை வெளியிட்டார். நோய் பரவாத நிலையில் வந்து, ஆபரேஷன், கதிர், ஆக்டினோமைசின் மூன்றும் பெற்ற குழந்தைகளில் ஏறக்குறைய 90 சதவீதம் பேர் இரண்டாண்டைக் கடந்து உயிரோடு இருந்தார்கள். இங்கே முற்றும் போட்டுவிடலாம் என்றுதான் தோன்றும். பிறந்த கதை என்று நான் சொல்ல வந்தது உண்மையில் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

அந்த 90 சதவீதத்தைக் கண்டு எல்லோரும் கைதட்டவில்லை. பழைய குழந்தைகளோடு புதிய குழந்தைகளை ஒப்பிட்டால் அது எப்படிச் சரியாகும் என்றார்கள். இடைப்பட்ட காலத்தில் மயக்க மருந்து மேம்பட்டிருந்தது, ரத்த வங்கி வந்திருந்தது, குழந்தைகள் முன்கூட்டியே வந்துகொண்டிருந்தன. பலன் மருந்தாலா, மற்றவற்றாலா? கதிர் எல்லாக் குழந்தைக்கும் வேண்டுமா? ஒரு மருந்து போதுமா, இரண்டா? கேள்விகள் நியாயமானவை. பதில் சொல்லக் குழந்தைகள் போதவில்லை.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரியும். ஒரு சிகிச்சையில் நூற்றுக்கு 80 பேர் பிழைக்கிறார்கள், இன்னொன்றில் 90 பேர் என்று வைத்துக்கொள்வோம். இந்த வேறுபாடு நிஜமா தற்செயலா என்று தெரிய, இரண்டு பக்கமுமாகக் குறைந்தது நானூறு குழந்தைகள் வேண்டும். அமெரிக்கா முழுவதிலும் ஆண்டுக்கு இந்த நோய் வருவதோ சுமார் ஐந்நூறு குழந்தைகளுக்கு. அவை நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளில் சிதறிக் கிடந்தன. ஆண்டுக்குப் பத்துக் குழந்தைகளைப் பார்க்கும் மருத்துவமனை தனியாக விடை தேடினால் நாற்பது ஆண்டுகள் ஆகும். அதாவது, கேள்வி கேட்ட மருத்துவர் விடை வரும்போது இருக்க மாட்டார்.

1969இல் மூன்று பெரிய ஆய்வுக் குழுக்கள் கைகோத்து தேசிய வில்ம்ஸ் கட்டி ஆய்வைத் தொடங்கின. தலைமை டாஞ்சியோ. எந்த ஊரில் எந்த மருத்துவமனையில் குழந்தை வந்தாலும் நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று ஒரே விதமாக நிலை பிரிப்பது, ஒரே அளவில் மருந்து கொடுப்பது, இரண்டு வழிகளில் எது நல்லது என்று தெரியாத இடத்தில் சீட்டுக் குலுக்குவதுபோல் தற்செயலாகப் பிரித்துக்கொடுப்பது, முடிவுகளையெல்லாம் ஒரே இடத்துக்கு அனுப்புவது என்று ஒப்பந்தம்.

சொல்லும்போது எளிதாக இருக்கிறது. ஒவ்வொரு பெரிய மருத்துவரும் 'என் கைராசி', 'என் அனுபவம்' என்று வாழ்ந்த உலகம் அது. இது நல்லதா அது நல்லதா என்று எனக்குத் தெரியாது என்பதை ஒரு பெற்றோரிடம், அதுவும் புற்றுநோய் வந்த குழந்தையின் பெற்றோரிடம், சொல்ல வேண்டும். மருந்து கண்டுபிடித்ததைவிட இந்த ஒப்புதலைப் பெற்றதே பெரிய காரியம் என்பது என் எண்ணம். அந்தப் பெற்றோர்கள் பெயர் எந்த ஆய்வுக் கட்டுரையிலும் இருக்காது. அவர்கள் சம்மதித்ததால்தான் அடுத்த குழந்தைக்கு விடை கிடைத்தது.

1976இல் முதல் ஆய்வின் முடிவு வெளிவந்தது. கட்டி சிறுநீரகத்துக்குள்ளேயே இருந்து முழுதாக எடுக்கப்பட்ட, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கதிர்வீச்சால் கூடுதல் பலன் இல்லை. அதற்கு அடுத்த நிலைகளில் ஆக்டினோமைசின் மட்டும் பெற்றவர்களிலும் வின்கிறிஸ்டின் மட்டும் பெற்றவர்களிலும் பாதிக்குச் சற்று மேல்தான் நோய் திரும்பாமல் இருந்தார்கள். இரண்டும் பெற்றவர்களில் ஐந்தில் நான்கு பேர். எந்த ஒரு மருத்துவமனையும் தனியாகச் சொல்லியிருக்க முடியாத பதில்கள் இவை.

இந்த ஆய்வில் எனக்குப் பிடித்தமான பகுதி தபாலில் நடந்தது. எல்லா மருத்துவமனைகளும் கட்டியின் மெல்லிய சீவல்களைக் கண்ணாடித் தகடுகளில் ஒட்டி ஒரே இடத்துக்கு அனுப்ப வேண்டும். அவற்றை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தவர் புரூஸ் பெக்வித். ஒரு மருத்துவமனையில் இருப்பவர் ஆயுள் முழுக்கப் பார்ப்பதைவிட அதிகமான வில்ம்ஸ் கட்டிகள் சில ஆண்டுகளில் அவர் மேசைக்கு வந்தன. அத்தனையையும் ஒருவரே பார்த்ததால் ஒரு விஷயம் துலங்கியது. சில கட்டிகளில் செல் உட்கருக்கள் அசாதாரணமாகப் பெருத்து, கோணல்மாணலாகப் பிரிந்துகொண்டிருந்தன. வேறு சில, பெயருக்கு வில்ம்ஸ் என்றாலும் தோற்றத்தில் வேறு ஜாதி. 1978இல் அவரும் நான்சி பால்மரும் எழுதினார்கள்: இப்படிப்பட்ட மோசமான கட்டிகள் மொத்தத்தில் சுமார் 11 சதவீதம்தான், ஆனால் இறப்புகளில் பாதிக்கு மேல் அந்தக் குழந்தைகளுடையவை.

இதன் மறுபக்கத்தை யோசித்துப் பாருங்கள். மீதி 89 சதவீதக் குழந்தைகளில் பலருக்குத் தேவைக்கு மேல் சிகிச்சை போய்க்கொண்டிருந்தது.

அங்கிருந்து அந்த ஆய்வு எதிர்த்திசையில் நடந்தது. மருத்துவத்தில் கூட்டுவது சுலபம், கழிப்பது கஷ்டம். முதுகுப் பக்கம் கதிர் பட்ட குழந்தைகள் வளரும்போது முதுகெலும்பு ஒரு பக்கம் சாய்ந்து கூனியது. கதிர் பட்ட பாதி எலும்பு வளராமல் நிற்க, படாத பாதி வளர்ந்ததே காரணம். அதனால் இன்றும் கதிர்வீச்சு மருத்துவர், கட்டி ஒரு பக்கம் மட்டும் இருந்தாலும், முதுகெலும்பின் முழு அகலத்தையும் கதிருக்குள் சேர்த்தே கட்டம் வரைகிறார். குறைவாக வளர்ந்தாலும் நேராக வளரட்டும் என்று. மூன்றாவது மருந்தான டாக்சோரூபிசின் சிலரின் இதயத்தைப் பல ஆண்டுகள் கழித்துப் பலவீனமாக்கியது. வயிற்றில் கதிர் பெற்ற பெண் குழந்தைகள் வளர்ந்து கர்ப்பமானபோது சிக்கல்கள் வந்தன. பிழைக்க வைத்தால் மட்டும் போதாது என்று டாஞ்சியோ 1975லேயே எழுதியிருந்தார்.

ஆகவே ஒவ்வொரு ஆய்விலும் எதையாவது குறைத்தார்கள். 1979இல் தொடங்கிய மூன்றாவது ஆய்வில் இரண்டாம் நிலைக் குழந்தைகளுக்குக் கதிரையே எடுத்துவிடலாம் என்று தெரிந்தது. மூன்றாம் நிலையில் அதன் அளவைப் பாதியாக்கினார்கள். நான்காவதில், பல நாள் பிரித்துப் போட்ட ஊசியை ஒரே நாளில் போட்டால் அதே பலன், குறைந்த செலவு, ஆஸ்பத்திரிக்கு அலைவதும் குறைவு என்று கண்டார்கள். 1995இல் தொடங்கிய ஐந்தாவதில் இன்னும் துணிந்தார்கள். ஆபரேஷன் அறையிலிருந்து வந்த கட்டியும் சிறுநீரகமும் தராசில் ஏறும். குழந்தைக்கு இரண்டு வயதுக்குள், கட்டி முதல் நிலை, எடை 550 கிராமுக்குக் கீழ் என்றால் ஆபரேஷனோடு சரி. மருந்தும் இல்லை, கதிரும் இல்லை, கவனித்து வந்தால் போதும். சிலருக்கு நோய் திரும்பியது; அவர்களில் பெரும்பாலோரை மருந்து காப்பாற்றியது. மற்றவர்களுக்கு ஒரு சொட்டுக்கூட விஷம் உடம்பில் ஏறாமலே நோய் முடிந்தது.

ஐரோப்பாவில் இதே கதை வேறு வரிசையில் நடந்தது. பாரிஸ் அருகே வில்ஜூய்ஃபில் ஓடில் ஷ்வைஸ்குத் என்ற பெண் மருத்துவர் குழந்தைப் புற்றுநோய்க்கென்றே ஒரு பிரிவை நடத்தினார். அவரைச் சுற்றிக் கூடியவர்கள் 1969இல் சர்வதேசக் குழந்தைப் புற்றுநோயியல் சங்கத்தைத் தொடங்கினார்கள். இவர்கள் கேட்ட கேள்வி: கட்டி உடைவதுதானே பிரச்சினை, அப்படியானால் ஆபரேஷனுக்கு முன்பே அதைச் சுருக்கினால் என்ன? 1971இல் தொடங்கிய முதல் ஆய்வில், முன்கூட்டிக் கதிர் பெற்ற குழந்தைகளில் கட்டி உடைவது மூன்றில் ஒன்று என்பதிலிருந்து இருபதில் ஒன்றுக்கும் கீழே இறங்கியது. பிறகு கதிரின் வேலையை மருந்தே செய்யும் என்று கண்டு, ஆபரேஷனுக்கு முன் சில வாரங்கள் ஆக்டினோமைசினும் வின்கிறிஸ்டினும் கொடுக்கும் வழக்கம் வந்தது.

அமெரிக்கர்கள் இன்றும் முதலில் கத்தி என்பார்கள். மருந்து கொடுத்துவிட்டால் கட்டியின் உண்மையான நிலையும் ஜாதியும் மறைந்துவிடும், சாதாரணக் கட்டிக்கும் தவறுதலாகக் கீமோ போய்விடலாம் என்பது அவர்கள் வாதம். ஐரோப்பியர்கள் முதலில் மருந்து என்பார்கள். அரை நூற்றாண்டாக இந்த வழக்கு முடியவில்லை. இரண்டு பக்கமும் குழந்தைகள் பிழைப்பது ஏறக்குறைய ஒரே அளவில் என்பதால் முடியவும் முடியாது போலிருக்கிறது. இந்தியாவில் கட்டி பெரிதான பிறகே வரும் குழந்தைகள் அதிகம். பல மையங்கள் ஐரோப்பிய வழியில் முதலில் மருந்து கொடுத்துச் சுருக்கிவிட்டுத்தான் ஆபரேஷனுக்குப் போகின்றன. இரண்டு சிறுநீரகங்களிலும் கட்டி என்றால் அமெரிக்கர்களும் மருந்தில்தான் தொடங்குகிறார்கள். நல்ல பகுதியை மிச்சம் வைத்துக் கட்டியை மட்டும் சீவி எடுக்க வேண்டுமே.

அரிய நோய் என்றால் அபூர்வமான நிபுணர் வேண்டும் என்றுதான் நாம் நினைக்கிறோம். ஊர் ஊராக 'பெரிய டாக்டரை'த் தேடுகிறோம். வில்ம்ஸ் கட்டியின் கதை வேறு பாடம் சொல்கிறது. அரிய நோய்க்குத் தேவை ஒரே விதமாகச் செய்து, ஒரே நோட்டில் எழுதி, சேர்ந்து எண்ணும் நூறு சாதாரண மருத்துவமனைகள். கண், மூளை, ஈரல், நரம்பு என்று குழந்தைகளுக்கு வரும் மற்ற அரிய புற்றுகளுக்கும் இதே அச்சில்தான் கூட்டு ஆய்வுகள் வார்க்கப்பட்டன.

உலக சுகாதார நிறுவனம் 2018இல் தொடங்கிய குழந்தைப் புற்றுநோய் முயற்சியில் முன்னிறுத்தும் ஆறு நோய்களில் வில்ம்ஸ் கட்டியும் ஒன்று. 2030க்குள் உலகெங்கும் குறைந்தது 60 சதவீதக் குழந்தைகளாவது பிழைக்க வேண்டும் என்பது இலக்கு. முதல் இரண்டு மருந்துகளும் அந்நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன, பழைய மருந்துகள்தான். ஏழை நாடுகளில் குழந்தைகளை இழப்பதற்குப் பெரிய காரணங்கள் இரண்டு: தாமதமாக வருவது, பாதியில் விட்டுவிடுவது. கட்டி எடுத்தாயிற்று, குழந்தை ஓடியாடுகிறது, இனி எதற்கு ஊசி என்று பஸ் செலவுக்கும் கூலி இழப்புக்கும் அஞ்சி நின்றுவிடும் குடும்பங்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் திரும்பி வரும் கட்டி முதல் கட்டியைப்போல் சொன்னபடி கேட்காது.

எனவே வாசகர்களுக்குச் சொல்ல இரண்டே விஷயம். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது குழந்தையின் விலாவுக்குக் கீழே கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால், ஒரு பக்கம் வயிறு உப்பியிருந்தால், சிறுநீர் சிவந்தால், மறுபடி மறுபடி அமுக்கிப் பார்க்காமல், பூச்சி மருந்து கொடுத்துக் காத்திருக்காமல், அன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் போய் வயிற்றுக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். நோய் இதுதான் என்று உறுதியாகிச் சிகிச்சை தொடங்கிவிட்டால், கடைசி ஊசி போட்டு முடியும்வரை ஒரு தவணையையும் விடாதீர்கள். செலவு நெருக்கினால் மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் கூச்சமில்லாமல் கேளுங்கள்.